பொழுதோடு முடித்த கூட்டம்

தரணி,

டிக்கெட் வந்துவிட்டது என்று நீ போனில் சொன்னபோது, "சரிப்பா, நல்லது" என்று மட்டும் சொல்லிவிட்டு அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். அப்பாவுக்குச் சந்தோஷம் இல்லையா என்று நீ அவளிடம் கேட்டாயாம். ஏன் இல்லாமல்? ஆரணி பஸ் ஸ்டாண்டில் ஜன்னல் வழியாகப் பையைப் போட்டு இடம் பிடித்து வேலூருக்குப் படிக்கப் போன பிள்ளை, உலக நாடுகள் எல்லாம் கூடிப் பேசுகிற ஜெனீவாவுக்கு வேலைக்குப் போகிறான் என்றால் எந்தத் தகப்பனுக்குக் கசக்கும்? எனக்கு வாயடைத்துப் போனது நீ அதற்கு அடுத்தபடியாகச் சொன்ன சமாச்சாரத்தால்தான். "முதல் மாசமே ஒரு பெரிய மாநாடுப்பா. நம்ம ஆரணி தொட்டிக் கதையைத்தான் சொல்லப் போறேன். மத்த நாட்டுக்காரங்களுக்கும் அது உதாரணமா இருக்கும்" என்றாய். நான் கொல்லைப்பக்கம் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன். அம்மா வந்து, "பிள்ளை போறானேன்னு கலங்கறீங்களா?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவைத்தேன். அவளிடமும் பொய்.

போனில் சொல்ல முடியாததை எழுதித்தான் ஆகவேண்டும். நாற்பது வருஷமாக ரிஜிஸ்தர் ஆபீஸ் எதிரில் கூரைக் கொட்டகையில் உட்கார்ந்து ஊராருக்குப் பத்திரம் எழுதியவன் நான். "என் மனப்பூர்வமாகவும் பிறர் தூண்டுதல் இன்றியும்" என்று எத்தனை பேருக்காகவோ எழுதிக் கொடுத்த கை, எனக்காக எழுத உட்கார்ந்ததும் நகர மாட்டேன் என்கிறது. மூன்று தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். இது நாலாவது. இதையும் கிழிக்கலாம் என்றுதான் தோன்றுகிறது, ஆனால் நீ அடுத்த வாரம் கிளம்பிவிடுவாய்.

போனில் வருகிற உன் பேட்டி நிகழ்ச்சியை ஒன்று விடாமல் கேட்கிறவன் நான். அது உனக்கே தெரியும். அரசியல், சமூகம், உலக விவகாரம் என்று வாரம் ஒரு சிக்கலை எடுத்துக்கொண்டு, அதை நன்றாகப் படித்தறிந்த ஒருவரை எதிரில் உட்கார வைத்து நீ கேள்வி கேட்பாய். கொட்டகையில் முத்திரைத்தாள் பெட்டி மேல் போனைச் சாய்த்துவைத்து, எழுதிக்கொண்டே கேட்பேன். பக்கத்துக் கொட்டகை ஜெராக்ஸ்காரர் எட்டிப் பார்த்து, "இன்னா ரைட்டர் சார், தம்பி இன்னிக்கு யார் கூட பேசிகினு கீறாரு?" என்பார். "கடல் மட்டம் ஏறுதாம்" என்பேன். "நம்ம தெருக் கொழாய்ல தண்ணி ஏறல, அத்தயும் கொஞ்சம் கேக்க சொல்லுங்க" என்பார். சிரித்துக்கொள்வோம். ஆனால் எனக்கு உள்ளுக்குள் பெருமை பொங்கும். அகதிகள், கோதுமை விலை, யந்திரங்கள் மனிதர்களின் வேலையைப் பறிப்பது, எதுவானாலும் நீ கேட்கிற விதத்தில் ஒரு மரியாதை இருக்கும். கடைசியில் ஒவ்வொருவரிடமும், "அப்படியென்றால் என்னதான் செய்யலாம்?" என்று கேட்பாய். அவர்கள் கொஞ்சம் யோசித்துவிட்டு, சம்பந்தப்பட்ட மக்களின் குரலைக் கேட்க வேண்டும் என்பார்கள். யாரைக் கேட்டாலும் இதே பதில். எனக்கு அலுத்துவிட்டது. உனக்கு அலுக்கவில்லை. சரி, போய்க் கேட்டுவிடுவோம் என்று நீ கிளம்பினாய். அப்படித்தான் நம் ஊருக்கு அந்தக் கூட்டம் வந்தது.

உனக்கு ஏன் அலுக்கவில்லை என்பதற்கு நான்தான் பொறுப்பு. இதைச் சொல்லிவிட்டு மேலே போகிறேன். நீ எட்டாவது படிக்கும்போது நம் தெருமுனை விளக்கு மாதக்கணக்கில் எரியாமல் கிடந்தது நினைவிருக்கிறதா? கோடு போட்ட தாளில் நீயே ஒரு மனு எழுதி, பதினோரு வீட்டில் கையெழுத்து வாங்கி, அதற்குப் பொறுப்பான ஆபீஸில் கொண்டுபோய்க் கொடுத்தாய். ஒரு வாரத்தில் விளக்கு எரிந்தது. நீ தெருவில் குதித்த குதி இன்னும் கண்ணில் நிற்கிறது. காலேஜில் சேரும்போது எழுதிய கட்டுரையிலும் அதைத்தான் எழுதினாய், எனக்குப் படித்துக் காட்டினாய், நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன். நடந்தது வேறு. நம் தெரு விளக்குகளைப் பார்க்கிற லைன்மேன் தன் தங்கைக்குத் தானப் பத்திரம் எழுத என்னிடம் வந்தார். எழுதி முடித்துவிட்டு, "எங்க தெருமுனை விளக்கைக் கொஞ்சம் பாருங்களேன்" என்றேன். "அதுக்கென்னா சார்" என்று போகிற வழியில் ஏறி மாற்றிவிட்டுப் போனார். உன் மனுவைப் பற்றிக் கேட்டேன். ஆடிக்கொண்டிருந்த மேசைக் காலுக்கு மடித்துக் கொடுத்திருப்பதாகச் சொன்னார். உன் முகத்தைப் பார்த்த பிறகு இதைச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. பிள்ளை ஒரு நல்ல விஷயத்தை நம்புகிறானே, நம்பட்டுமே என்று விட்டுவிட்டேன். எழுதிக் கொடுத்தால் நடக்கும் என்ற உன் நம்பிக்கைக்குக் கடைக்கால் போட்டது என் பொய்.

அந்தக் கூட்டத்துக்கு நான்தான் தலைமை தாங்க வேண்டும் என்று நீ பிடிவாதம் பிடித்தாய். "எல்லாருக்கும் தெரிஞ்ச ஆளு நீங்கதான்ப்பா, உங்க முன்னாடி கூச்சப்படாம பேசுவாங்க" என்றாய். விஷயம் நல்ல விஷயம்தான். பன்னிரண்டு சாயப்பட்டறைகளின் கழிவுத் தண்ணீரை ஒரே இடத்துக்குக் குழாயில் கொண்டுவந்து, தெளிய வைத்து, காய விடுகிற ஒரு பொதுத் தொட்டி. வெளிநாட்டில் சேலை வாங்குகிறவர்கள் இப்போது சாயத் தண்ணீர் எங்கே போகிறது என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள், இது வந்தால் தொழிலும் நிலைக்கும், தண்ணீரும் கெடாது என்று நீ எனக்கு விளக்கினாய். சேவூருக்குப் போகிற வழியில் கேட்பாரற்றுக் கிடந்த ஒரு புறம்போக்கு மேட்டை அதற்குப் பார்த்து வைத்திருந்தார்கள். அதைப் பற்றி ஊர்க்காரர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று நாலு வல்லுநர்கள் முன்னால் கேட்டறிய வேண்டும், அதை வைத்து நீ அரசாங்கத்துக்கு அறிக்கை எழுதித் தர வேண்டும். கார்த்திகை மாதம், கல்யாண மண்டபம், பேனர், போட்டோகிராபர், எல்லாம் பிரமாதமாக ஏற்பாடு செய்திருந்தாய்.

காலையில் வல்லுநர்கள் ஆளுக்கு இருபது நிமிஷம் பேசுவதாக இருந்தது. டெல்லியிலிருந்து வந்த வர்த்தகப் பேராசிரியர் ஒரு மணி நேரம் பேசினார். நீ தமிழில் சொல்லச் சொல்ல, உலகத்தில் ஒரு மூலையில் போடுகிற வரி நம் ஊர்த் தறியை எப்படி நிறுத்துகிறது என்று கேட்டு நான் மெய்ம்மறந்து உட்கார்ந்திருந்தேன். மேசை மேல் மணி இருந்தது. நான் அடிக்கவில்லை. எப்படி அடிப்பேன்? அவ்வளவு படித்தவர் ஒருவர் என் பக்கத்தில் உட்கார்ந்து, நடுநடுவே என்னைப் பார்த்துத் தலையசைத்துப் பேசுகிறார். பூனாவிலிருந்து வந்த தண்ணீர் அம்மாவும், பருவநிலை பற்றிப் பேசிய தம்பியும், ஓய்வுபெற்ற அதிகாரியும் அவரைப் பார்த்து நீட்டினார்கள். மக்கள் பேச வேண்டியது இரண்டு மணிக்கு. ஆரம்பித்தபோது நாலாகிவிட்டது. பேசப் பெயர் கொடுத்தவர்கள் இருபத்திரண்டு பேர்.

இப்போது அந்தச் சாப்பாட்டுக்கு வருகிறேன். காலை டிபனின்போது பூனா அம்மா உன் அம்மாவிடம், நீங்கள் பொழுது சாய்ந்த பிறகு சாப்பிட மாட்டீர்களாமே என்று ஆர்வமாகக் கேட்டார். அவ்வளவுதான், நான் நடுவில் புகுந்தேன். நாங்கள் வடக்கிலிருந்து வந்த ஜைனர்கள் இல்லை, இந்த மண்ணிலேயே எத்தனையோ தலைமுறையாக இருக்கிற தமிழ் ஜைனர்கள், நயினார்கள், விளக்கு வெளிச்சத்துக்கு வருகிற ஒரு பூச்சி இலையில் விழுந்து செத்துவிடக் கூடாது என்பதற்காகப் பொழுதோடு சாப்பிட்டுவிடுவோம் என்று ஒரு பிரசங்கமே செய்தேன். அவர் கண்ணை அகல விரித்துக் கேட்டார். எனக்குத் தலை கிறுகிறுத்துவிட்டது. "இன்று எல்லாரும் எங்கள் வழக்கப்படி பொழுதோடு சாப்பிடலாம்" என்று அறிவித்தேன். கைதட்டினார்கள். நீயும் தட்டினாய். ஆனால் தரணி, நான் ஒழுங்காக அந்த வழக்கத்தைக் கடைப்பிடிக்கிறவனா? சந்தவாசலுக்கு ஒரு நிலம் பார்க்கப் போய்த் திரும்பும்போது போளூர் ஓட்டலில் எட்டு மணிக்கு நான் பரோட்டா தின்றது உன் அம்மாவுக்குத் தெரியாது. வீட்டில் இருக்கும்போது அவள் வைக்கிறாள், சாப்பிடுகிறேன். அன்றைக்கு மட்டும் திடீரென்று எனக்கு அவ்வளவு வைராக்கியம் வந்துவிட்டது, பார்க்க ஆள் இருந்தார்கள் என்பதால்.

கார்த்திகையில் ஆறு மணிக்கு முன்பே பொழுது போய்விடும். பதினாறு பேர் பேசி முடித்தபோது ஐந்தேகால். சமையல்காரர் கதவிடுக்கில் தலையை நீட்டி, "சார், எலை போட்டுடலாமா? அப்பால ஆறிடும்" என்றார். பட்டியலில் பதினேழாவது சுகுணா. சாயப்பட்டறையில் நூல் அலசுகிறவள், சேவூர்க்காரி. வேலை முடித்து நேரே வந்திருந்தாள், முழங்கை வரைக்கும் அரக்குச் சாயம். எழுந்து நின்றுவிட்டாள். நான் மைக்கை எடுத்து, நேரம் ஆகிவிட்டது, மிச்சப் பேர் சொல்ல வேண்டியதை எழுதிக் கொடுத்துவிடுங்கள், அறிக்கையில் சேர்த்துக்கொள்கிறோம் என்றேன்.

"எனக்கு எழுத வராது சார்" என்றாள். "ரெண்டே வார்த்த. ஜல்தியா சொல்லிட்டு போயிடறேன்."

எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதிக் கொடுத்தே உன்னைப் படிக்க வைத்தவன் நான். அந்த நான், "அப்புறமா நம்ம ஆபீஸ் பக்கம் வாம்மா" என்று சொல்லிவிட்டு, வந்தவர்களுக்கு நன்றி சொல்லிக் கூட்டத்தை முடித்தேன். நீ அப்போது வாசலில் வேன்காரரோடு பேசிக்கொண்டிருந்தாய். உள்ளே வந்து, "அப்பா, எல்லாரும் பேசிட்டாங்களா?" என்று கேட்டாய். "பேசிட்டாங்க" என்றேன். இலை போட்டாகிவிட்டது, விளக்கம் சொல்ல நேரமில்லை என்று அந்த நிமிஷம் நினைத்துக்கொண்டேன். இரண்டு வருஷமாக அந்த ஒரு சொல்லை நான் திருத்தவில்லை. நீ என்னை நம்பித்தான் அறிக்கையில் எழுதினாய், அனைவரும் கருத்துத் தெரிவித்தனர், இடத்தைப் பற்றி எவரும் ஆட்சேபணை சொல்லவில்லை என்று. உன் மேல் ஒரு துளிக் குற்றமும் கிடையாது.

தொட்டி கட்டினார்கள். திறப்பு விழாவுக்கு நீ வர முடியவில்லை, நான் போய் ரிப்பன் பக்கத்தில் நின்றேன். ஒரு வருஷம் ஒன்றும் தெரியவில்லை. போன ஐப்பசி மழைக்குப் பிறகு ஒரு நாள் கொட்டகைக்கு ஒருவர் தன் வீட்டை விற்கப் பத்திரம் எழுத வந்தார். தொட்டிக்குப் பக்கத்து வீடு. வீட்டுப் போர்க்கிணறு பற்றி ஒன்றும் எழுத வேண்டாம் என்று இரண்டு தடவை சொன்னார். ஏன் என்று துருவினேன். "அத்த ஏன் கேக்கறீங்க, ஒரே பேஜாரு. மோட்டார் போட்டா கலர் கலரா வருது. வாங்கறவரு பாக்கறதுக்குள்ள முடிச்சுடணும்" என்றார். நான் அந்தப் பத்திரத்தை எழுதவில்லை. அவர் வேறொரு கொட்டகையில் எழுதிக்கொண்டு போனார், அது வேறு விஷயம்.

அன்றைக்குப் பேச எழுந்து நின்ற சேவூர்க்காரி நினைவுக்கு வந்தாள். மறுநாள் காலையில் வண்டியை எடுத்துக்கொண்டு சேவூருக்குப் போனேன். தொட்டிக்கு அடுத்த தெருவில், சுகுணா வீட்டு வாசலில் தண்ணீர் கேன்கள் வரிசையாக நின்றன. என்னைப் பார்த்ததும் அவள் மோட்டாரைப் போட்டு ஒரு பக்கெட் பிடித்துக் காட்டினாள். லேசான அரக்கு. பீட்ரூட் வேகவைத்துக் கொட்டின தண்ணீர் மாதிரி இருந்தது. "பட்டறைல நாளெல்லாம் இதுலதான் கை வெச்சிகினு இருக்கேன். வூட்டுக்கு வந்தா இங்கயும் இதேதான்" என்றாள். அவள் சின்ன மகள் முழங்கைக்குள் சொறிந்து சொறிந்து புண்ணாக்கி வைத்திருந்தாள். அன்றைக்குக் கூட்டத்தில் என்னம்மா சொல்ல நினைத்தாய் என்று கேட்டேன். கேட்கிற துணிச்சல் எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. அவள் உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்துவந்து என் கையில் கொடுத்தாள். அவள் மாமனாருடைய நிலப் பத்திரம். இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் நான் எழுதியது, என் கையெழுத்து. நான்கெல்லையில், "தூர்ந்த கிணற்றுக்கு மேற்கு" என்று இருந்தது.

"அந்த மேட்டுக்கு அடில பெரிய கெணறு சார். குப்பையும் மண்ணும் போட்டு மூடினது. ஒவ்வொரு மழைக்கும் உள்வாங்கும். அங்க தொட்டி கட்டினா தர உக்காந்துடும், சாயம் நேரா கீழ எறங்கிடும்னு சொல்லலாம்னு வந்தேன். உங்களுக்கு ஞாபகம் இருக்கும்னு வேற நெனச்சேன், நீங்கதான எழுதினீங்க. அப்பால ரெண்டு தபா உங்க ஆபீஸுக்கு வந்தேன். ஒரு தபா பூட்டியிருந்துச்சு. இன்னொரு தபா பத்து பேர் நடுவுல எழுதிகினு இருந்தீங்க. எனக்கு வேலைக்கு நேரமாயிடுச்சு, போயிட்டேன்."

இவ்வளவுதான் விஷயம். நாலு வல்லுநர்கள், மூன்று ஊர்களிலிருந்து விமானத்தில் வந்தவர்கள், அவர்களுக்குத் தெரிய வேண்டியிருந்தது இந்த ஒன்றுதான். தண்ணீர் அம்மா அதைக் கேட்டிருந்தால் அந்த நிமிஷமே இடத்தை மாற்றச் சொல்லியிருப்பார், எனக்கு அதில் சந்தேகமே இல்லை. நல்ல மனுஷி அவர். யோசித்துப் பார்த்தால் அன்றைக்கு அந்த மண்டபத்தில் கெட்டவர்கள் என்று யாருமே இல்லை. லஞ்சம் வாங்கிக்கொண்டு ஒருவன் கெடுத்திருந்தால் அவனைத் திட்டித் தீர்த்திருப்பேன். ஒரு பூச்சி சாகக் கூடாது என்று சொல்லிக்கொண்டு சாப்பிட எழுந்தவர்களால் ஒரு தெருவின் தண்ணீரே போய்விட்டது. நான் யாரைத் திட்டுவது?

கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. அவளுக்காக மனு எழுதினேன். பத்திரத்தின் நகலை வைத்தேன், கிணறு இருந்த இடத்தை வரைந்து காட்டினேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சுத்தமாக நான் எதையும் எழுதியதில்லை. ஒரு திங்கட்கிழமை குறைகேட்கிற இடத்துக்கு அவளை அழைத்துக்கொண்டு போனேன். எந்த ஆபீஸ் என்று எழுதப் போவதில்லை, அந்த அதிகாரி மேல் தப்பில்லை. சின்ன வயசு, உன் வயசுதான் இருக்கும். உட்காரச் சொல்லி, மனுவை முழுசாகப் படித்தார். தொட்டியை மாற்ற வேண்டுமானால் எல்லாவற்றையும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும், முதலில் நடந்த கலந்தாலோசனை தவறு என்று நிரூபிக்க வேண்டும் என்றார். பிறகு அலமாரியிலிருந்து உன் அறிக்கையை எடுத்துப் பிரித்தார்.

அந்தப் புத்தகம் நம் வீட்டு அலமாரியிலும் இருக்கிறது. நீ கையெழுத்துப் போட்டு அனுப்பியது. நான் தலைமை உரை ஆற்றுகிற படம் இருந்த பக்கத்தைத் தவிர வேறு எதையும் நான் பார்த்தவனில்லை. இங்கிலீஷ், நமக்கெதற்கு என்று வைத்துவிட்டேன். அவர் பிரித்துக் காட்டிய பக்கத்தில் சுகுணா இருந்தாள். பக்கம் முழுக்க அவள்தான். எழுந்து நின்று, கையைத் தூக்கி, வாயைத் திறந்திருக்கிறாள். நான் அவளைப் பேச விடாமல் கூட்டத்தை முடித்த அதே நிமிஷத்தில் எடுத்த படம். ரொம்ப நல்ல படம் தரணி, கைச் சாயம்கூட அப்படியே தெரிகிறது. கீழே இரண்டு வரி இருந்தது. அதிகாரி தமிழில் சொன்னார், சாயத்தொழிலாளி ஒருவர் தம் கருத்தைப் பகிர்ந்துகொள்கிறார் என்று.

"இது நீங்கதானேம்மா?" என்றார். "கூட்டத்துல பேசியிருக்கீங்க. அப்ப சொல்லாததை இப்ப சொன்னா மேல ஒத்துக்க மாட்டாங்கம்மா."

நான் எழுந்து, சார், அவள் பேசவில்லை, நான்தான் பேச விடவில்லை என்று சொன்னேன். எழுதிக் கொடுக்கிறீர்களா என்று கேட்டார். அங்கேயே எழுதிக் கொடுத்தேன். அதை வாங்கி மனுவோடு சேர்த்துக் குத்திக்கொண்டார். "பார்க்கறேன் சார்" என்றார். அவர் பார்ப்பார் என்றுகூட நினைக்கிறேன். பார்த்து மேலே அனுப்புவார், மேலே இருப்பவரிடமும் அந்தப் புத்தகம் இருக்கும். எத்தனை பத்திரத்தில் "படிக்கக் கேட்டு உணர்ந்து கையொப்பமிட்டேன்" என்று எழுதியிருக்கிறேன், அதில் எத்தனை பேர் உண்மையில் கேட்டார்கள், எத்தனை பேர் உணர்ந்தார்கள் என்று எனக்குத்தான் தெரியும். நாளைக்கு ஒரு வம்பு என்று வந்தால் கோர்ட்டு நம்புவது அந்த வரியைத்தான். மூன்று மாதம் ஆகிறது. ஒரு பதிலும் இல்லை. தொட்டிக்கு இப்போதும் தினமும் தண்ணீர் போகிறது, பன்னிரண்டு பட்டறைக்காரர்களும் அதை நம்பித்தான் வேலை செய்கிறார்கள், நிறுத்தினால் சுகுணாவுக்கும் கூலி நிற்கும்.

இதைப் படித்துவிட்டு நீ உடனே போன் செய்வாய். "அப்பா, அடுத்த பதிப்புல திருத்திடலாம், மாநாட்டுல இதையும் ஒரு பாடமா சொல்றேன்" என்பாய். உன்னை எனக்குத் தெரியும். சொல், வேண்டாம் என்று சொல்லவில்லை. அங்கே நாலு நாட்டுக்காரர்கள் உச்சுக்கொட்டுவார்கள், ஒருவர் குறித்துக்கொள்வார், இன்னொருவர் மக்களின் குரலைக் கேட்பதில் உள்ள சவால்கள் என்று அடுத்த கூட்டத்துக்குத் தலைப்பு வைப்பார். சேவூர் போர்க்கிணற்றில் வருவது வந்துகொண்டேதான் இருக்கும். மண்ணுக்குள் இறங்கியதை யாரும் மேலே எடுக்க முடியாது என்று உன் நிகழ்ச்சியில் அந்தத் தண்ணீர் அம்மாவே ஒரு தடவை சொல்லிக் கேட்டிருக்கிறேன். உன் உத்தியோகத்தைக் கெடுக்க நான் இதை எழுதவில்லை. சரியாகிவிடும் என்று நம்பியும் எழுதவில்லை. நம்பிக்கை என்று சொல்லிக்கொள்ள என்னிடம் இப்போது எதுவும் இல்லை. உனக்கு என்ன புத்திமதி சொல்வது என்று யோசித்தால், எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் நேரம் ஆனதும் மணியை அடித்துவிடு என்பதைத் தவிர வேறொன்றும் தோன்றவில்லை. ஒரு தகப்பன் பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்பும்போது சொல்கிற வார்த்தையா இது? எனக்கே வெட்கமாக இருக்கிறது.

எழுத வைத்தது ஒன்றே ஒன்றுதான். அந்த ஆபீஸிலிருந்து வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தோம். நான்தான், விடக்கூடாதும்மா, இன்னொரு மனு போடலாம், இன்னும் மேலே போகலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். சுகுணா வேண்டாம் என்று தலையாட்டினாள்.

"மனு எல்லாம் வேணாம் சார். இத்தோட ரெண்டு நாள் கூலி போச்சு. ஒண்ணு மட்டும் பண்ணுங்க. அந்த போட்டோவ எடுத்துட சொல்லுங்க. தண்ணிக்கு நான் இன்னா பண்ண முடியும், கேன் வாங்கிக்கறேன். எங்க தெருவுல எல்லாரும் அந்த புக்க போன்ல பாத்துட்டாங்க. நீ பேசித்தான இது வந்துச்சுன்னு எங்கிட்ட மூஞ்சி குடுத்து பேச மாட்டேங்கறாங்க. நான் பேசவே இல்லியே சார்."

அந்தப் படத்தை நீ எடுத்துவிட முடியுமா, தரணி? புத்தகத்திலிருந்தும், நீ அங்கே போய்க் காட்டப்போகிற படங்களிலிருந்தும். முடியுமா முடியாதா என்று எனக்குத் தெரியாது. நகல் எங்கெங்கே போயிருக்கிறதோ, யார் யாரைக் கேட்க வேண்டுமோ. அதனால் அவளுக்கு நான் வாக்குக் கொடுக்கவில்லை. பையனிடம் கேட்கிறேன்மா என்று மட்டும் சொன்னேன். அவள் பஸ் படியில் காலை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தாள்.

"கேளுங்க சார்" என்றாள். "அவரு நல்ல மாதிரி. அன்னிக்குகூட எங்கிட்ட வந்து, சாப்ட்டு போங்கக்கான்னு சொன்னாரு."

அப்பா